ராகு காலத்தில் திறந்து கிடந்த பக்கங்கள்

போன மாதம் நான் ஓய்வு பெற்றபோது எனக்குச் சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தீர்கள். என் வீட்டில் ஏற்கெனவே மூன்று கடிகாரம் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு உங்களில் இரண்டு பேர் வந்து, "எக்கா, ஒரு நாள் வந்து உங்க அனுபவத்தச் சொல்லணும்" என்றீர்கள். மரியாதைக்குக் கேட்டிருப்பீர்கள், மறந்தும் போயிருப்பீர்கள். நான் மறக்கவில்லை. என்னைப் பேச விட்டால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும் என்று உங்கள் முதலாளிக்குத் தெரியும். அதனால் எழுதியே தரச் சொல்லிவிட்டார்.

நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிற வேலை என்ன என்று வீட்டில் கேட்டால் சொல்வதற்குத் திணறுவீர்கள். நானும் திணறியவள்தான். கடைகளிலும் லாட்ஜுகளிலும் இருக்கிற கம்ப்யூட்டரில், ஏஐ உதவியாளரைப் பிரவுசரோடு இணைத்துக் கொடுக்கிறோம். உதவியாளர் ஒரு பக்கம், பிரவுசர் ஒரு பக்கம். பிரவுசருக்குள் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன். இரண்டுக்கும் நடுவே, அதே கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒரு குட்டி புரோகிராம். அது ஓடுகிறவரை ஒரு கறுப்பு ஜன்னல் திறந்திருக்கும். பிரவுசரில் தெரிவதை அது உதவியாளருக்குச் சொல்லும், உதவியாளர் சொல்வதைப் பிரவுசரில் செய்யும். இதை நிறுவுவது எப்படி என்று நான் பாடம் எடுக்கப் போவதில்லை. நான் நிறுவி முடிக்கிற நேரத்தில் நீங்கள் நிறுவி, டீ குடித்து, போனையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவீர்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். அந்த உதவியாளர் போய் உட்காருவது யாரோ ஏற்கெனவே உள்ளே நுழைந்து வைத்திருக்கிற பக்கத்தில். அது அழுத்துகிற பட்டன், அந்த ஆளே அழுத்திய பட்டனாகத்தான் கணக்கில் ஏறும்.

இதில் எனக்கு உருப்படியாக ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தவர், கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு லாட்ஜின் மேனேஜர். பெயர் வேண்டாம், படித்தால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்கி, அறை கேட்டு வருகிற செய்திகளுக்குப் பதில் போட ஆளில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் இணைத்துவிட்டு, அது பதில் எழுதுகிற அழகைக் காட்டலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அதெல்லாம் இருக்கட்டும் மேடம். இத எப்படி நிறுத்தணும்?"

"கடைசியில சொல்லுதேன் சார்."

"இல்ல, மொத அதச் சொல்லுங்க. அருவிக்குப் போறவுகளுக்கு நான் மொத காட்டுதது, எந்தப் பக்கமா வெளிய வரணும்னுதான். வெள்ளம் வந்தா தண்ணி கலங்கி வரும், சைரன் அடிக்கும். அப்ப நின்னு வழி தேடிக்கிட்டு இருக்க முடியாதுல்லா?"

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். இருந்தாலும் அவர் விடவில்லை. நிறுத்துவதற்கு என்னென்ன வழி உண்டோ அத்தனையையும் தன் கண் முன்னால் செய்துகாட்டச் சொன்னார். பிரவுசரை மூடினோம். பாதி எழுதிய பதில் காணாமல் போயிற்று. நெட் வயரைப் பிடுங்கினோம். பக்கமே உடைந்து, மறுபடி உள்ளே நுழையச் சொல்லி அடம்பிடித்தது. கடைசியில் அந்தக் கறுப்பு ஜன்னலை மூடினோம். உதவியாளரின் கை மட்டும் விலகியது. பக்கம் இருந்தது இருந்தபடி அப்படியே நின்றது. "அப்ப இதுதான் கரையேறுத வழி" என்று சொல்லிவிட்டு, தானே அதைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பழகினார். அதற்கப்புறம்தான் டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் காட்டுவது அதைத்தான். "வண்டி வாங்க வந்தவன்கிட்ட பிரேக்க மட்டும் காட்டுதீகளே" என்று கேலி செய்தவர்கள் உண்டு. செய்யட்டும். அந்தப் பழக்கம் எனக்குக் கைகொடுத்த நாளைத்தான் சொல்லப் போகிறேன்.

தென்காசியில் கோயில் பக்கத்துத் தெருவில் ஓர் ஆன்லைன் சேவைக் கடை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, பரீட்சை விண்ணப்பம், எல்லாம் அங்கே நடக்கும். கடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கடையில் ஒரு நடைமுறை உண்டு. நம் ஊரில் விண்ணப்பத்தை நிரப்புவதற்கு யாரும் நேரம் காலம் பார்ப்பதில்லை, கடைசிப் பட்டனை அழுத்தத்தான் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிட்டால் ஒருவரும் மவுஸைத் தொடமாட்டார்கள். எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிட்டு, கோயிலையோ டீக்கடையையோ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்து தாங்களே அழுத்துவார்கள். அதுவரை அந்தப் பக்கங்கள் பிரவுசரில் வரிசையாகத் திறந்து கிடக்கும். எது யாருடையது என்று அண்ணாச்சி மஞ்சள் சீட்டில் பெயர் எழுதி, கீழே 'ரா.கா.' என்று போட்டு, மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவைப்பார். வெள்ளிக்கிழமைகளில் அந்த மானிட்டரைப் பார்த்தால் கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி இருக்கும்.

முதலில் பார்த்தபோது நான் சிரித்தேன். பிறகு கவனித்தேன். திரும்பி வருகிறவர்கள் அழுத்துவதற்கு முன்னால் இன்னொரு தடவை நிதானமாகப் படித்துப் பார்க்கிறார்கள். எழுத்துப் பிழையோ பிறந்த தேதிக் குழப்பமோ அப்போதுதான் கண்ணில் படுகிறது. அதற்குப் பின் நான் சிரிக்கவில்லை.

அவருக்கு உதவியாளரை இணைத்துக் கொடுத்தது நான்தான். அதற்கென்று பிரவுசரில் தனி புரொஃபைல் ஒன்று போட்டு, எக்ஸ்டென்ஷனை அதில் மட்டும் வைத்திருந்தேன். வாடிக்கையாளர்கள் திறந்து வைத்துவிட்டுப் போகிற பக்கம் அதற்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, பிரிண்டர் தகராறு செய்கிறது என்று போன் வந்தது. வெளியே சாரல், தெருவெல்லாம் குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள். குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் ஓர் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிளாஸ்டிக் நாற்காலியில்கூட நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். மகள் பெயர் மாரிச்செல்வி. கல்லூரிக் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு அன்றுதான் கடைசி நாள். பட்டியலில் மேலே எது இருக்கிறதோ, அதற்கு மதிப்பெண் போதுமானால் அதையே கொடுத்துவிடுவார்கள், கீழே இருப்பதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அப்பா மேலே போட்டிருந்தது திருநெல்வேலியில் ஒரு கல்லூரி, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். மகள் ஆசைப்பட்டது கோயம்புத்தூரில், விரும்பிய படிப்பு அங்கேதான் இருந்தது. அது பட்டியலின் அடியில் கிடந்தது. இரண்டுக்குமே அவள் மதிப்பெண் தாராளம். பூட்டிவிட்டால் முடிந்தது, பிறகு யார் அழுதாலும் திறக்காது.

அப்பா மவுஸுக்குக் கை நீட்டினார். மாரிச்செல்வி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எப்பா, பத்தரை ஆயிட்டு. ராகு காலம்."

"பட்டாளத்துல ராகு காலம் பாத்தா சுட்டோம்? தள்ளு."

"அப்ப அம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க."

போனை எடுத்துப் பேசினார். பேசினார் என்று சொல்வது தப்பு, கேட்டார். "சரி" என்றார். கொஞ்சம் கழித்து இன்னொரு "சரி". போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "வா, கோயிலுக்குப் போயிட்டு வருவோம்."

அண்ணாச்சி மஞ்சள் சீட்டை எழுதி ஒட்டினார். வாசலில் செருப்பு மாட்டும்போது மாரிச்செல்வி என் பக்கம் குனிந்தாள். "எக்கா, எனக்கு ராகு காலமெல்லாம் ஒண்ணும் கெடையாது. எங்கப்பாட்ட பேசக் கொஞ்ச நேரம் வேணும், அதான்" என்றாள். சொல்லிவிட்டு மழையில் அவர் பின்னால் ஓடினாள். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஜெயிக்க வேண்டுமே என்றும் இருந்தது.

நான் பிரிண்டரைப் பிரித்து, சிக்கியிருந்த காகிதத்தை உருவி, மூடி போட்டேன். போட்ட உடனே அது தானாக ஒரு தாளைத் தள்ளியது. வேறு ஏதோ பாக்கி என்று விட்டுவிட்டேன். சற்று நேரத்தில் இன்னொரு தாள். எடுத்துப் பார்த்தால், 'தங்கள் விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டது' என்ற ரசீது. அதில் இருந்த பெயர் மானிட்டரில் மஞ்சள் சீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. கடையில் வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை.

"இத யாரு அழுத்துனா அண்ணாச்சி?"

"யாரும் அழுத்தல மேடம். தெறந்து கெடக்குத வேலைய எல்லாம் முடிச்சு வையின்னு சொன்னேன். அதுவா முடிக்குது. நல்லா வேல பாக்குது!" அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

நான் திரையைப் பார்த்தேன். கலந்தாய்வுப் பக்கம் முன்னால் வந்து நின்றது. பட்டியல் தானாக மேலே நகர்ந்தது. 'பூட்டு' என்ற பட்டன் அமுங்கியது. நடுவில் ஒரு பெட்டி எழும்பிவந்தது. பூட்டிய பிறகு மாற்ற இயலாது என்று அதில் இருந்தது. கீழே 'ஆம்', 'இல்லை'.

திறந்து கிடந்ததில் மஞ்சள் சீட்டுப் பக்கங்களும் சேர்த்தி என்று அண்ணாச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயையோ, பட்டாளத்துக்காரர் மக!" என்று யுபிஎஸ் சுவிட்சுக்குப் பாய்ந்தார். "தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தம் எதிர்க் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஏன் தடுத்தேன் என்று சொல்கிறேன். கடைசி நாள், அந்தத் தளம் காலையிலிருந்தே ஊர்ந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரை அணைத்தால், சேமிக்காத பட்டியல் போய்விடும். மறுபடி நுழைய வேண்டுமென்றால் ஓடிபி வீட்டில் இருக்கிற அம்மாவின் போனுக்குப் போகும், அதற்குள் தளம் ஒத்துழைக்குமா என்பது யாருக்கும் தெரியாது. 'இல்லை' என்பதை நாமே அழுத்தலாமா? ஒரே பக்கத்தில் இரண்டு கை வேலை செய்தால் எது முந்தும் என்று சொல்ல முடியாது. பயந்துதான் போயிருந்தேன். ஆனால் இதையெல்லாம் அங்கே நின்று யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். யோசித்தது லாட்ஜ் மேனேஜர் முன்னாலேயே முடிந்திருந்தது. கை நேராகக் கறுப்பு ஜன்னலைத் தேடிப் போயிற்று. அது நாலைந்து ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. மூடினேன். பெட்டி அப்படியே நின்றது. 'ஆம்' அமுங்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். பிறகு பார்த்தால், எக்ஸ்டென்ஷன் நான் வைத்த இடத்தில் இல்லை. வாடிக்கையாளர் பக்கமெல்லாம் திறக்கிற பிரவுசரில் உட்கார்ந்திருந்தது.

"நீங்க போட்டுத் தந்த அதுல ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேக்கு மேடம். வர்றவுகள எத்தன தடவ போன எடுக்கச் சொல்ல? அதான் நம்ம இதுலயே மாட்டிக்கிட்டேன்" என்றார்.

கோபம் வந்தது, திட்டவும் செய்தேன். ஆனாலும் அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிந்தது. நீங்கள் போடுகிற பூட்டு தொழிலுக்கு இடைஞ்சலாக இருந்தால், நல்ல மனிதர்களே அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள். நீங்கள் கிளம்பிய பிறகு அந்தக் கடையில் வேலை எப்படி நடக்கும் என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் இணையுங்கள். உதவியாளர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அதற்குத் தெரிந்தது திரைக்குள் இருப்பது மட்டும். பக்கம் நிரம்பியிருந்தது, பட்டன் காத்திருந்தது, முடிக்கச் சொன்னார்கள், முடிக்கப் போனது. மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது கண்ணாடிக்கு வெளியே. அதில் எழுதியிருந்ததையும், வாசலில் அந்தப் பெண் சொன்னதையும் அதற்கு யார் சொன்னார்கள்? நிரப்பி முடித்த பக்கத்துக்கும் முடிவெடுத்த பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். உதவியாளருக்கான குறிப்பில் அன்றைக்கே எழுதினேன். நிரப்பு, சரிபார், கடைசிப் பட்டனை மட்டும் தொடாதே.

முன்னால் போய்விட்ட இரண்டு விண்ணப்பங்களையும் படித்துப் பார்த்தேன். தப்பு எதுவும் இல்லை. அண்ணாச்சி போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். ஒருவர் பரவாயில்லை என்றார். இன்னொரு அம்மா, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அண்ணாச்சி கணக்கில் உடைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி வைத்துவிட்டார்.

இனி அந்தப் பெட்டி. அண்ணாச்சி என்னைக் கெஞ்சினார். "இல்லைன்னு அழுத்தி மூடிருங்க மேடம். அவுக வர்றதுக்குள்ள. யாருக்கும் தெரியாதுல்லா."

மூடியிருக்கலாம், பழையபடி பட்டியல் மட்டும் நின்றிருக்கும். நான் மாட்டேன் என்றேன். அது அவர்கள் பக்கம். அதில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாமல் நாம் துடைத்து வைத்தால், நாளைக்கு நம் பேச்சை எவரும் நம்பமாட்டார்கள். கொஞ்ச நேரம் திட்டு வாங்குவது மேல். நீங்களும் இப்படித்தான் செய்ய வேண்டும், இதில் சமரசம் கிடையாது.

பன்னிரண்டுக்கு இருவரும் வந்தார்கள். நெற்றியில் விபூதி. மாரிச்செல்வியின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பேச்சு பலிக்கவில்லை. என்னைப் பார்த்து இல்லை என்று லேசாகத் தலையை ஆட்டினாள். எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பட்டாளத்துக்காரருக்கு மீசை துடித்தது.

"மெஷினா? எம்மவ லிஸ்ட்ட மெஷின் எதுக்குத் தொடுது? கேக்க ஆளில்லன்னு நெனச்சீரா?"

அண்ணாச்சி பிரிண்டருக்குப் பின்னால் போய்விட்டார். "தப்புதான் சார். பூட்டு விழல. நாங்க ஒண்ணத்தையும் தொடல. நீங்களே பாருங்க" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, உத்தரவு வாசிப்பது போல அந்தப் பெட்டியைச் சத்தமாக வாசித்தார். முதலில் மேலே இருந்த பெயரை. "மாரிச்செல்வி." பிறகு, "பூட்டிய பிறகு மாற்ற இயலாது. இந்த வரிசை தங்கள் விருப்பப்படி உள்ளதா?"

வாசித்து முடித்தவர் மவுஸின் மேல் கையை வைத்தார். அழுத்தவில்லை. மறுபடியும் ஒருமுறை, இந்தத் தடவை சத்தமில்லாமல் உதட்டுக்குள் வாசித்தார். வெளியே மழை வலுத்திருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"ஏட்டி, ஒன் விருப்பப்படி இருக்கா?"

"இல்லப்பா."

கோயிலைச் சுற்றி வரும்போது அவள் எத்தனையோ காரணம் சொல்லியிருப்பாள். அவரும் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்திருப்பார். இந்தக் கேள்வியை மட்டும் அங்கே அவர் கேட்டிருக்கமாட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். பிறகு எழுந்து, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரு."

அவள் உட்கார்ந்து 'இல்லை'யை அழுத்தினாள். அடியில் கிடந்த கோயம்புத்தூரைப் பிடித்து மெல்ல மெல்ல மேலே இழுத்துக்கொண்டு போனாள். உச்சியில் கொண்டுபோய் விட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

அதே திரையின் ஓரத்தில், இணைப்பை அறுத்த நேரத்திலிருந்து உதவியாளரின் வரி ஒன்று அப்படியே நின்றுகொண்டிருந்தது. 'பிரவுசருடன் தொடர்பு துண்டிக்கப்பட்டது. மூன்றாவது பணி முடியவில்லை. தொடரட்டுமா?' அண்ணாச்சி பிரிண்டருக்குப் பின்னாலிருந்து மெதுவாக வெளியே வந்து என் காதோரம் குனிந்தார்.

"மேடம், இதுக்கு என்ன பதில் போட?"

மாரிச்செல்வி பூட்டுவதற்கு முன்னால் பட்டியலை மேலிருந்து மறுபடி வாசிக்க ஆரம்பித்திருந்தாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் பட்டாளத்துக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"காத்திருக்கச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். "நாம எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்லா."